லாக் மேலாண்மையைத் தானியக்கமாக்குதல்: எது முதலில், எது கடைசியில்

2012 ஆகஸ்ட் 1 அன்று காலை 8:01 மணிக்கு, அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிட்டலின் உள் கணினியொன்று ஒரு பிழையைக் கண்டு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. 9:30 மணிக்குச் சந்தை திறப்பதற்குள் 97 மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. கோளாறான மென்பொருள் பகுதியின் பெயர்கூட அவற்றில் இருந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒன்று, சந்தை திறந்த 45 நிமிடத்துக்குள் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் இழப்பை உண்டாக்கிவிட்டது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013இல் பிறப்பித்த உத்தரவில் அந்த மின்னஞ்சல்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது: அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஊழியர்கள் அவற்றை வந்ததும் படிக்கும் வழக்கமும் இல்லை. ஆபரேஷன்ஸ் குழுவில் இருக்கும் எவரும் இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அங்கே தானியக்கம் இருந்தது. செய்தி தானாக உருவானது, தானாகப் பயணித்தது, உரிய ஆட்களின் பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது. இப்படியொரு வரி வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருக்கவில்லை.

இந்த அத்தியாயத்தின் வாதம் அங்கிருந்தே தொடங்குகிறது. லாக் மேலாண்மை என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகளை நாம் குழுவின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். கோப்புகளைச் சேர்ப்பது, சுழற்றுவது, சுருக்குவது, ஓரிடத்துக்குக் கொண்டுபோவது, காலம் முடிந்ததும் அழிப்பது ஆகியவை சுமக்கும் வேலை. எந்த வரி வேண்டும், எத்தனை நாள் வேண்டும், யாருக்கு வேண்டும் என்பது தீர்மானிக்கும் வேலை. நள்ளிரவில் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பது எழுப்பும் வேலை. முதலாவதை மிச்சமில்லாமல் இயந்திரத்திடம் விட்டுவிடலாம். இரண்டாவதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். அதை நிறைவேற்றுவது மட்டுமே இயந்திரத்தின் பொறுப்பு. மூன்றாவதில் இயந்திரத்துக்குத் தரும் அதிகாரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், அதுவும் கடைசியாகத் தரப்பட வேண்டும். நடைமுறையில் பல குழுக்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் ஒரு டாஷ்போர்டு வருகிறது. இருக்கிற எல்லா சர்வர்களும் அதில் இணைக்கப்படுகின்றன. 'எரர்' என்ற சொல் தென்பட்டாலே அலர்ட் அடிக்கும்படி ஒரு விதி போடப்படுகிறது. டிஸ்க்கில் இருந்த சுமை அன்றிரவே ஆன்-கால் ஊழியரின் தூக்கத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

சுமக்கும் வேலையில் தானியக்கம் ஏற்கெனவே இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். லினக்ஸ் சர்வரில் லாக்ரோட்டேட் நாள்தோறும் ஓடுகிறது, சிஸ்டம்டி ஜர்னல் தன் அளவைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஆனால் அவற்றோடு வரும் இயல்பு அமைப்புகள் உங்களை அறியாத யாரோ எடுத்த முடிவுகள். பரவலாகப் பயன்படும் விநியோகங்களில் லாக்ரோட்டேட்டின் இயல்பு அமைப்பு, வாரம் ஒருமுறை சுழற்றி நான்கு பழைய பிரதிகளை வைத்துக்கொள்வது. அதாவது ஏறத்தாழ ஒரு மாதம். ஜர்னல் தான் இருக்கும் கோப்பமைப்பில் பத்தில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பழையதை அழித்துவிடும். பரபரப்பான சர்வரில் அது சில நாட்களுக்கு மட்டுமே போதும். இதை இந்தியச் சட்ட நிலையோடு சேர்த்துப் பாருங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளைகளின்படி, சேவை வழங்குநர்களும் தரவு மையங்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் தகவல் தொழில்நுட்ப அமைப்புகள் அனைத்தின் லாகுகளையும் தொடர்ச்சியாக 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் ஒன்று தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். இயல்பு அமைப்பை மாற்றாத சர்வர் ஒன்று ஐந்து மாதத்துக்கு உரிய சான்றைத் தினந்தோறும் ஒழுங்காக, யாருக்கும் சொல்லாமல், அழித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் தானியக்கம்தான்.

ஆகவே முதல் பணி, கோப்புகள் சர்வரிலேயே தங்கியிருக்கும் பழக்கத்தை முடிப்பது. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறிய முகவர் நிரல் (ஆர்சிஸ்லாக், ஃப்ளூயன்ட் பிட், வெக்டர், எது உங்கள் குழுவுக்குக் கைப்பழக்கமோ அது) வரிகளை எழுதப்பட்ட உடனே மையச் சேமிப்புக்கு அனுப்ப வேண்டும். இங்கே விவரம் முக்கியம், ஏனென்றால் தொலைவது இங்கேதான். யுடிபி வழி போகும் பழைய சிஸ்லாக், வரி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே இல்லை. ஃப்ளூயன்ட் பிட் தன் இடைத்தேக்கத்தை இயல்பாக நினைவகத்தில்தான் வைக்கும். மைய சர்வர் ஒரு மணி நேரம் படுத்திருக்கையில் முகவரும் நின்றுபோனால் அந்த வரிகள் போனவைதான். டிஸ்க்கில் தேக்கிவைக்கும் வசதியைத் தேடிப் போடுங்கள். அதற்கு அளவு வரம்பும் கொடுங்கள். லாக்ரோட்டேட்டில் கோப்பைப் பிரதியெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்கும் முறை எளிதாக இருப்பதால் பலரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். பிரதியெடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்படும் வரிகள் அதில் தொலைகின்றன. நிரலுக்குச் சிக்னல் கொடுத்துப் புதிய கோப்பைத் திறக்கவைப்பதே சரியான வழி. அந்தச் சிக்னல் தவறினால் வேறொரு சிக்கல் வரும்: பெரிய கோப்பை அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் நிரல் அதை இன்னும் திறந்துவைத்திருக்கிறது. இரவு நேர அழைப்புகளில் இந்த ஒரே காரணத்தால் வருபவை எத்தனை என்று உங்கள் பழைய டிக்கெட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஜர்னலின் வேகக் கட்டுப்பாட்டையும் கவனியுங்கள். ஒரு சேவை 30 விநாடிக்குள் 10,000 வரிகளைத் தாண்டினால் மிகுதியை அது கைவிடுவதே இயல்பு அமைப்பு. அமைதியான நாளில் இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. சேவை நொறுங்கி வரிகளைக் கொட்டும் நேரத்தில்தான், அதாவது அவை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான், இது வேலை செய்கிறது.

நேரக் குறியீடும் இந்தக் கட்டத்திலேயே தீர்க்கப்பட வேண்டியது. ஆர்எஃப்சி 3164இல் விவரிக்கப்பட்ட பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்தது. ஆனாலும் பல பிணையக் கருவிகள் இன்னும் பழைய வடிவத்தையே அனுப்புகின்றன. ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால், ஐந்தரை மணி நேர இடைவெளியில் கிடக்கும் இரண்டு வரிகளை ஒரே நிகழ்வு என்று எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. ஒரு மனிதர்தான் விடிய விடிய உட்கார்ந்து பொருத்துவார். செர்ட்-இன் கட்டளைகள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்வதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். சேமிப்பில் எல்லாமே உலகப் பொது நேரம், திரையில் மட்டும் இந்திய நேரம் என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எவ்வளவு காலம் வைப்பது. இடம் மலிவாகிவிட்டது, எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருப்போம் என்ற வாதம் அடிக்கடி எழும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சர்வர்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 2 ஜிபி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 40 ஜிபி. 180 நாளைக்கு 7.2 டிபி. லாக் உரை நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் 720 ஜிபி. மலிவான பொருள் சேமிப்பில் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) அது பெரிய செலவே அல்ல. அதே 7.2 டிபியை எலாஸ்டிக்சர்ச் போன்ற முழுஉரைத் தேடல் அமைப்பில், பிரதிகளோடு, வேகமான டிஸ்க்கில் வைத்தால் செலவு வேறு தரத்துக்குப் போய்விடும். பராமரிக்கும் உழைப்பும் கூடவே ஏறும். அந்த அமைப்பில் டிஸ்க் 85 சதவீதத்தைத் தொட்டால் புதிய பகுதிகளை அந்த முனையில் வைப்பது நிற்கும், 90இல் இருப்பவை வேறு முனைக்கு நகரத் தொடங்கும், 95இல் அட்டவணைகள் எழுத முடியாதபடி பூட்டப்படும். எல்லாவற்றையும் வைத்திருக்க முயன்ற குழு ஒருநாள் எதையுமே பதிவுசெய்ய முடியாத நிலைக்கு வந்து நிற்கும். ஆகவே அடுக்குகளாகப் பிரியுங்கள். கடைசி 14 நாள், அதாவது நம் கணக்கில் 560 ஜிபி, உடனே தேடக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மீதி சுருக்கப்பட்டுப் பொருள் சேமிப்பில், குறித்த காலம்வரை நிர்வாகிகூட அழிக்க முடியாத பூட்டோடு இருக்கட்டும். ஊடுருவியவர் முதலில் கைவைப்பது தன் தடயத்தில்தான். கார்டு பணப் பரிமாற்றம் கையாளும் நிறுவனமானால் பிசிஐ தரநிலை 12 மாதப் பதிவைக் கேட்கிறது, அதில் கடைசி மூன்று மாதம் உடனே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; உங்கள் அடுக்குகளை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துவதும் இறுதியில் அழிப்பதும் முழுக்க இயந்திரத்தின் வேலை. விசாரணையோ வழக்கோ நடக்கையில் அந்த அழிப்பை நிறுத்திவைக்கும் ஒரு விசை மட்டும் மனிதர் கையில் இருக்க வேண்டும், அது யார் கையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்திருப்பதற்கு எதிரான இன்னொரு காரணம் செலவைவிடக் கனமானது. 2018 மே மாதத்தில் ட்விட்டர், கடவுச்சொற்கள் ஹாஷ் செய்யப்படும் முன்பே ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. யாரும் அதைத் திருட நுழையவில்லை. நிரல் தன் போக்கில் எழுதிவைத்தது. தொலைபேசி எண், ஆதார், அமர்வு டோக்கன், மருத்துவக் குறிப்பு ஆகியவை உங்கள் லாகுகளில் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்காமல், முகவர் நிரலிலேயே அவற்றைத் தேடி மறைக்கும் விதியைப் போடுங்கள். மையச் சேமிப்புக்குப் போய்ச்சேர்ந்த பிறகு மறைப்பது தாமதம்: பூட்டப்பட்ட பிரதியில் அவை ஆறு மாதம் உட்கார்ந்திருக்கும்.

ஆபரேஷன்ஸ் குழு தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது: எழுதப்படும் இடத்திலேயே குறைப்பது. சிஸ்லாக்கில் தீவிரத்துக்கு எட்டு நிலைகள் உண்டு. பெரும்பாலான பயன்பாடுகள் இரண்டையோ மூன்றையோதான் உபயோகிக்கின்றன, அதிலும் ஒழுங்கில்லை. பயனர் தவறான கடவுச்சொல் கொடுத்தால் ஒரு குழு அதைப் பிழை என்று எழுதுகிறது, இன்னொரு குழு தகவல் என்று எழுதுகிறது. டெவலப்பர்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்பது வழக்கமான மறுப்பு, அதில் நியாயமும் இருக்கிறது. அவர்களிடம் பொதுவான வேண்டுகோள் வைப்பதால் பயனில்லை. வாரத்துக்கு ஒருமுறை, அதிக இடம் பிடித்த பத்து லாக் வரிகளின் பட்டியலை இயந்திரமே தயாரித்து, அதை எழுதும் சேவையின் உரிமையாளருக்கு டிக்கெட்டாகப் போடட்டும். 'இந்த ஒரு வரி நேற்றைய சேமிப்பில் இவ்வளவு' என்று எண் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். புதிய சேவைகளுக்கு மட்டுமாவது இரண்டைக் கட்டாயமாக்குங்கள்: வரிகள் ஜேசான் வடிவில் இருக்க வேண்டும், ஒரு கோரிக்கை பல சேவைகளைக் கடந்து போகையில் அதன் அடையாள எண் எல்லா வரிகளிலும் இருக்க வேண்டும். உரையை வெட்டிப் பொருள் எடுக்கும் கோவைகளை (ரெகெக்ஸ்) எழுதுவதும் பழுதுபார்ப்பதும் குழுவின் நேரத்தை ஓசையின்றித் தின்கிற வேலை. வடிவம் ஒழுங்கானால் அது இல்லாமலே போகும்.

இவ்வளவும் நிலைபெற்ற பிறகே அலர்ட். நல்ல விதி எதைச் சாதிக்கும் என்பதற்கு 2023 ஜூன் மாதத்து நிகழ்வு சான்று. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்புக் குழு, தங்கள் மின்னஞ்சல் அணுகல் லாக்கில் வழக்கத்துக்கு மாறான அணுகலைக் கண்டுபிடிக்கத் தாங்களே ஒரு விதியை எழுதி வைத்திருந்தது. அதற்குப் 'பிக் யெல்லோ டாக்சி' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். அந்த விதி அடித்த மணியால்தான் மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சேவைக்குள் நடந்த பெரிய ஊடுருவல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த லாக் அப்போது கூடுதல் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. பல வாடிக்கையாளர்களிடம் பார்ப்பதற்கு லாக்கே இல்லை. நைட் கேபிட்டலின் 97 மின்னஞ்சல்களையும் இந்த ஒரு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேறுபாடு கருவியின் திறமையில் இல்லை. வெளியுறவுத் துறையில் யாரோ ஒருவர், இப்படி நடந்தால் அது தவறு, அப்போது நாங்கள் இதைச் செய்வோம் என்று முன்பே யோசித்திருந்தார். உங்கள் ஒவ்வொரு அலர்ட்டுக்கும் அதே சோதனை போதும்: அது அடித்தால் எழுந்தவர் செய்ய வேண்டிய முதல் செயல் என்ன? பதில் இரண்டு வரியில் எழுதிவைக்கப்படவில்லை என்றால் அது இரவில் யாரையும் எழுப்பக் கூடாது. காலை அறிக்கையில் ஒரு வரியாகப் போகட்டும். பதில் எப்போதும் ஒரே செயல்தான் என்றால், அதை ஒரு ஸ்கிரிப்ட் செய்யட்டும், எத்தனை முறை செய்தது என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளட்டும். ஒரே சேவையை ஒரே இரவில் மூன்றாவது முறை மறுதொடக்கம் செய்யும் நிலை வந்தால் ஸ்கிரிப்ட் நின்று மனிதரை அழைக்கட்டும், ஏனென்றால் நோய் வேறு எங்கோ இருக்கிறது.

இயந்திரக் கற்றல் இந்த விதிகளையெல்லாம் தானே கண்டுபிடித்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். வழக்கத்திலிருந்து விலகியதைக் காட்டுவதில் அதற்கு உண்மையான பயன் உண்டு. ஒரே மாதிரியான லட்சம் வரிகளை ஒரே வார்ப்புக்குள் அடுக்கித் தருவதிலும் அது கைகொடுக்கும். ஆனால் தீபாவளி விற்பனை நாளின் நெரிசலும் தாக்குதலின் நெரிசலும் எண்களில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். உங்கள் வியாபாரம் எதை இயல்பு என்று கருதுகிறது என்பது லாக்கில் எழுதப்படாத செய்தி. ஆகவே அதன் கண்டுபிடிப்புகள் முதலில் பகல் நேரப் பட்டியலுக்குப் போகட்டும். சில மாதங்கள் சரியாக இருந்தது நிரூபணமான வகைகளை மட்டும் இரவு அழைப்புக்கு உயர்த்துங்கள்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதை அப்போதே எழுப்பியது: எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் கடினமானவை மட்டும் மனிதரிடம் மிஞ்சும்; அன்றாடப் பழக்கம் இல்லாமல் போன அதே மனிதர்தான் நெருக்கடியில் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டியிருக்கும். தினமும் லாகைக் கண்ணால் பார்த்தவருக்கு அமைப்பின் இயல்பான ஓட்டம் கண்ணில் பதிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கையால் படிப்பதைத் தக்கவைத்துக்கொள்வது அதற்குத் தீர்வாகாது. நாளைக்கு 40 ஜிபி உரையை எந்தக் குழுவும் படிக்காது. படிப்பதாகப் பாவனைதான் செய்யும். 2022இல் வந்த பிசிஐ தரநிலையின் நான்காம் பதிப்பு, தணிக்கை லாகுகளின் மறுபார்வைக்குத் தானியங்கு முறைகளைக் கோருகிறது, 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயம். பழக்கத்தைக் காக்க வேறு வழி இருக்கிறது: மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியைப் பழைய சம்பவம் ஒன்றை லாகிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், புதிதாகச் சேர்ந்தவர் கையில் விசைப்பலகையைக் கொடுத்து. ஐந்து சர்வர் வைத்திருக்கும் சிறு குழுவுக்கு இவ்வளவு தேவையா என்றால், மைய அனுப்புதலும் 180 நாள் சேமிப்பும் தேவை. முழுஉரைத் தேடல் அமைப்பும் அடுக்குகளும் தேவையில்லை. சுருக்கிய கோப்புகளில் கட்டளை வரியில் தேடுவதே அவர்களுக்குப் போதும்.

கடைசியாக, சுமக்கும் இயந்திரத்தையே யார் கண்காணிப்பது? 2017இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் ஊடுருவியவர்கள் 76 நாட்கள் கண்ணில் படாமல் உள்ளேயே இருந்தார்கள். பிணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி, அது மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறது. சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து தென்பட்டது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் உள் கண்காணிப்பு முகவரில் வந்த பிழையால் சில வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு லாகுகள் இரண்டு வாரத்துக்கும் மேலாக விடுபட்டன. லாக் குழாயின் ஆபத்தான கோளாறு இப்படித்தான், ஓசையில்லாமல் வரும். எனவே ஒவ்வொரு சர்வரும் நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அடையாள வரியை எழுதட்டும். மையத்தில் பத்து நிமிடம் அது தென்படாவிட்டால் அலர்ட் அடிக்கட்டும். இந்த அலர்ட், லாக் அமைப்பைச் சாராத வேறொரு வழியில் வர வேண்டும். நேற்று 2 ஜிபி அனுப்பிய சர்வர் இன்று 200 எம்பி அனுப்பினால் அதையும் காலை அறிக்கை காட்டட்டும்.

இவற்றை ஒரே வாரத்தில் மாற்ற முயலாதீர்கள். அழிக்கும் விதிகளை முதல் மாதம் உண்மையாக அழிக்காமல், எதை அழித்திருக்கும் என்ற பட்டியலை மட்டும் எழுதும்படி ஓடவிடுங்கள். இரவு அழைப்புகளின் எண்ணிக்கையையும், அவற்றில் உண்மையிலேயே ஒரு செயல் தேவைப்பட்டவை எத்தனை என்பதையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள். சுமை குறைகிறதா என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். காலாண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், ஏறத்தாழ 150 நாளுக்கு முந்தைய ஏதோ ஒரு தேதியை, ஏதோ ஒரு சர்வரை, ஏதோ ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் லாகுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செர்ட்-இன் தரும் ஆறு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வரவில்லை என்றால், புதிய அலர்ட் எதையும் சேர்க்காமல் அந்தக் காலாண்டு முழுவதும் சேமிப்பைச் சரிசெய்வதில் செலவிடுங்கள்.